புகார் கொடுத்த மறுநாள்

ராகிங் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. குழுக்கள் இருக்கின்றன, கேமராக்கள் இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு ஒரு மாணவி வாய் திறக்க ஏன் பயப்படுகிறாள்? நம் கல்வி வளாகங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசு காணாமல் போனார். தீபாவளிக்கு ஊருக்கு வரவேண்டிய பிள்ளை வரவில்லை என்று பெற்றோர் தேடினார்கள். மறுநாள் சென்னையில் மாநகரப் பேருந்து ஒன்றில் தலையில்லாத உடல் கிடந்தது. விசாரணை சிதம்பரத்துக்குப் போனது. அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் கைதானார். ராகிங்கில் தொடங்கியது கொலையில் முடிந்தது என்பது வழக்கு.

நாவரசுவின் தந்தை பேராசிரியர் பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு வகித்தவர். உயர்கல்வியின் உச்சிப் பதவியில் இருந்தவரின் மகனுக்கே ஒரு கல்லூரி விடுதியில் பாதுகாப்பு இல்லை என்றால், குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்கு என்ன நிலை? அன்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு பெற்றோரும் இதைத்தான் கேட்டார்கள். சில வாரங்களில் அவசரச் சட்டம் வந்தது. 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் நிறைவேறியது. கொலை வழக்கோ நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தது. கடலூர் நீதிமன்றம் 1998-ல் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. மகனை இழந்த குடும்பம் இறுதித் தீர்ப்புக்காகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

நம் வளாகங்களுக்கான சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1998-ல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் கல்லூரிக்கு அருகே ஒரு கும்பலின் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்தார். அதன் பிறகுதான் பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியர்களின் அடியில் இறந்தார். அந்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997-ல் பகிடிவதைக்கு, அதாவது ராகிங்குக்கு, பலியானார். அங்கே 1998-ல் தனிச் சட்டம் வந்தது.

ஒரு சாவு, ஒரு சட்டம் என்றே வந்திருக்கிறோம். இனி ஒரு சட்டம் வருவதற்கு இன்னொரு பிள்ளையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டிய சட்டங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஒரு மாணவர் புகார் கொடுத்த மறுநாள் அவருக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் நம் வளாகங்கள் தோற்கின்றன.

சட்டத்தில் இருக்கிறது, விடுதியில் இருக்கிறதா?

தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அதன் கடுமை புரியும். ராகிங் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும். வேறு கல்லூரியிலும் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. புகார் வந்த பிறகும் கல்லூரித் தலைமை நடவடிக்கை எடுக்காமல் விட்டால், அந்தத் தலைமையே குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படும்.

உச்ச நீதிமன்றம் ராகிங்கை ஒழிக்க வழி சொல்லுமாறு ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன். 2007-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் மேல்தான் யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள் கட்டப்பட்டன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். ராகிங் தடுப்புக் குழு வேண்டும். விடுதிகளில் திடீர் சோதனை நடத்தத் தனிப் படை வேண்டும். குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். 2016-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நிறம், சாதி, மதம், பாலினம், தோற்றம், ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவதும் ராகிங்தான் என்று வரையறை விரிந்தது.

இவ்வளவு இருந்தும் 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், வகுப்புகள் தொடங்கிய சில நாட்களிலேயே, முதலாமாண்டு மாணவர் ஒருவர் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 2024 பிப்ரவரியில் கேரளத்தின் வயநாட்டில், பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் விடுதியில் தாக்கப்பட்டு, பிறகு இறந்து கிடந்தார். வழக்கு சி.பி.ஐ. வரை போனது. இரண்டுமே இரவோடு இரவாக யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டவை அல்ல. விடுதியில் அறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்து அறைக்காரனுக்குத் தெரியும், மெஸ் ஊழியருக்குத் தெரியும், வார்டனுக்கு அரசல்புரசலாகத் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து நாம்தான் என்ற பயம் ஒரு பக்கம். “இதெல்லாம் ஹாஸ்டல்ல சகஜம், நாங்களும் பட்டுத்தானே வந்தோம்” என்கிற பழக்கம் இன்னொரு பக்கம்.

அந்தப் பழக்கம்தான் ராகிங்கின் வேர். போன வருடம் அடி வாங்கியவன் இந்த வருடம் அடிக்கிறான். அவன் வாங்கிய அடிக்கு யாரும் நியாயம் வழங்கவில்லை. ஜூனியர் மேல் கைவைப்பதே தனக்குக் கிடைத்த நியாயம் என்று நினைத்துக்கொள்கிறான். முதல் ஆண்டில் ஒரே ஒரு புகாரை நிர்வாகம் நேர்மையாக விசாரித்து முடித்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு இன்னும் 18 வயது நிறைந்திருக்காது என்பதையும் கல்லூரிகள் மறந்துவிடுகின்றன. 18 நிறையாத மாணவர், ஆணோ பெண்ணோ, பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டால் அது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம். தெரிந்தும் போலீஸுக்குத் தெரிவிக்காமல் இருப்பது தனிக் குற்றம். “பையன்தானே, விளையாட்டுக்குச் செய்தாங்க” என்று ஒரு வார்டன் தட்டிக்கழிக்க முடியாது.

கிண்டியில் நடந்தது

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் 19 வயது மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி வெளியாள். தமிழ்நாட்டின் மிக மதிப்புக்குரிய பொறியியல் வளாகம். சுற்றுச்சுவர் உண்டு, காவலர்கள் உண்டு, கேமராக்கள் உண்டு. நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் ஒருவன் நுழைந்து, மிரட்டி, குற்றம் செய்துவிட்டு வெளியே போக முடிந்தது.

அந்தப் பெண் மறுநாளே புகார் கொடுத்தார். இந்த வழக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அவருடைய அந்தத் துணிவு. அதற்கடுத்த நாள் ஆள் கைதானார். 2025 மே 28-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் 11 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2-ல் தண்டனை அறிவிக்கப்பட்டது: ஆயுள் சிறை, குறைந்தது 30 ஆண்டுகள் எந்தத் தள்ளுபடியும் கிடையாது. சம்பவம் நடந்து ஐந்தே மாதங்களில் தீர்ப்பு. நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால், புகார் கொடுத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமையையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை அவருடைய அடையாளத்தோடு வெளியே கசிந்தது. கைக்குக் கை மாறியது, கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவுப்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. படிப்பு முடியும் வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்ட பெண்ணைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது என்று கண்டித்தது.

அந்த நாட்களில் எத்தனை வீடுகளில், எத்தனை டீக்கடைகளில், “ராத்திரி நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?” என்ற கேள்வி எழுந்தது என்பதும் நமக்குத் தெரியும். அவள் படிக்கும் இடம் அது. தங்கியிருக்கும் இடம் அது. தன் கல்லூரி வளாகத்தில் நடமாட ஒரு மாணவி யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குழு இருக்கிறது, நம்பிக்கை?

வெளியாள் செய்யும் குற்றத்துக்குக் கொதிப்பது எளிது. உள்ளே இருப்பவர் செய்யும்போதுதான் வளாகத்தின் நேர்மை சோதிக்கப்படுகிறது. பேராசிரியர், துறைத் தலைவர், ஆய்வு நெறியாளர், விளையாட்டுப் பயிற்சியாளர் என்று மாணவியின் மதிப்பெண்ணையும் எதிர்காலத்தையும் கையில் வைத்திருப்பவர் மீது புகார் வரும்போது என்ன செய்கிறார்கள்?

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானவர் பன்வாரி தேவி. அவருக்கு நேர்ந்த அநீதியிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. அவை 2013-ல் சட்டமாயின. கல்லூரிகளுக்கென்று யு.ஜி.சி. 2015-ம் ஆண்டு விதிமுறைகளை வகுத்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான புகார் என்றால், மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகள். துணைவேந்தர், பதிவாளர், டீன் போன்ற உயர் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த கல்லூரியில் அந்த மூன்று மாணவப் பிரதிநிதிகள் யார் என்று கேட்டுப் பாருங்கள். தேர்தல் நடந்ததா என்று கேளுங்கள். குழுவின் பெயர்ப் பலகை அலுவலக வராந்தாவில் தொங்கும். ஆய்வுக் குழு வரும்போது கோப்பு தயாராக இருக்கும். ஆனால் புகார் கொடுக்க வேண்டிய மாணவிக்கு யாரிடம் போவது என்று தெரியாது. தெரிந்தாலும், குழுவில் இருக்கும் மேடமும் புகாருக்கு உள்ளான சாரும் ஒரே துறை, ஒரே ஸ்டாஃப் ரூம் என்றால் எப்படிப் போவாள்?

2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் நடந்தது இந்தக் கேள்விக்கு நாடு கொடுத்த விலை. ஃபகீர் மோகன் கல்லூரியில் பி.எட். படித்த 20 வயது மாணவி, துறைத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார். எழுதிக் கொடுத்தார், முறையிட்டார், சக மாணவர்களோடு போராடினார். நியாயம் கிடைக்கவில்லை என்ற நிலையில் கல்லூரி வளாகத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, ஜூலை 14 இரவு மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆசிரியரும் கல்லூரி முதல்வரும் கைதானார்கள். அந்தப் பெண் மௌனமாக இருக்கவில்லை. சட்டம் சொன்ன ஒவ்வொரு கதவையும் தட்டினார். திறக்க வேண்டியவர்கள் திறக்கவில்லை.

சென்னையில் 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ரா நுண்கலைக் கல்லூரி மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடியதும் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் கேட்கப்படாததால்தான். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போய்க் கேட்டபோது சுமார் 90 பேர் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். நிறுவனம் கேட்காததைப் பொதுவெளி கேட்கும் என்ற நிலைக்கு மாணவிகள் தள்ளப்படுவது எந்த நிறுவனத்துக்கும் பெருமை சேர்க்காது.

அவசரகதியில் நடத்தும் விசாரணையும் அநீதிதான். கோவா பல்கலைக்கழகத்தில் மாணவிகள் 2009-ல் ஓர் ஆசிரியருக்கு எதிராகக் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகாரின் மீது நடந்த விசாரணையை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய வாய்ப்புத் தராமல் குழு அவசரமாக முடித்துவிட்டது என்பது காரணம். பதினான்கு ஆண்டுகள் கழித்து எல்லாம் மீண்டும் தொடக்கத்துக்கே போனது. புகார் கொடுத்த மாணவிகளுக்கும் நியாயம் இல்லை, எதிர்த்தரப்புக்கும் முடிவு இல்லை. நாடு முழுவதும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் கடுமையான குறைகள் இருக்கின்றன என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் வேதனைப்பட்டது. குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி தேவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. விசாரிக்கத் தெரியாத குழு இருதரப்புக்கும் கேடு.

கைடு கையில் கடிவாளம்

முனைவர் பட்ட மாணவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. இளங்கலை மாணவிக்கு ஆறேழு ஆசிரியர்கள். ஒருவர் இன்டர்னல் மார்க்கில் கைவைத்தாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு மாணவிக்கு எல்லாமே ஒரே ஒருவர். தலைப்புக்குச் சம்மதிப்பவர், லேப் நேரம் கொடுப்பவர், உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போடுபவர், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதிப்பவர், வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பவர் எல்லாம் அவர்தான். இப்படிப்பட்டவர் மீது புகார் கொடுப்பது நாலைந்து ஆண்டு உழைப்பைப் பணயம் வைப்பது.

2015 விதிமுறைகள் இதையும் யோசித்திருக்கின்றன. விசாரணை நடக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் வேலையை மதிப்பிடுவதைத் தடுக்கலாம். மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். தொடர்பைத் தவிர்க்க, இருவரில் ஒருவரை வேறு துறைக்கு மாற்றலாம். சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. செய்வதற்கு நிர்வாகத்துக்கு மனம் வேண்டும். ஒரு பல்கலைக்கழகம், “புகார் கொடுக்கும் ஆய்வு மாணவருக்கு ஒரு மாதத்துக்குள் மாற்று நெறியாளர் தருவோம், உதவித்தொகை ஒரு நாளும் நிற்காது” என்று எழுதி அறிவித்தால் போதும். நூறு கருத்தரங்குகள் செய்யாததை அந்த ஒரு பக்க அறிவிப்பு செய்யும்.

பூட்டுப் போட்டால் பாதுகாப்பா?

வளாகத்தில் ஏதேனும் நடந்தால் நிர்வாகம் எடுக்கும் முதல் நடவடிக்கை என்ன? பெண்கள் விடுதி கேட்டை இன்னும் அரை மணி நேரம் முன்னதாகப் பூட்டுவது. ஆண்கள் விடுதிக்குப் பத்து மணி, பெண்கள் விடுதிக்கு ஆறரை மணி. குற்றம் செய்பவர் வெளியே நடமாடுவார். செய்யாதவர் உள்ளே அடைபடுவார். நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும், ஆனால் பெண்களுக்கு ஆறரையோடு படிப்பு முடிந்தது.

இது விதிக்கே விரோதமானது. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் மாணவிகளை ஓயாமல் கண்காணிப்பதும் அவர்களின் நடமாட்டத்தைக் குறுக்குவதும் கூடாது என்றும் சொல்கின்றன. 2022-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு ஒன்பதரைக்கு விடுதியை மூடுவதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பெண்களைப் பூட்டி வைப்பதற்கு ஏன் இத்தனை அவசரம் என்ற கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்தது. அந்த டிசம்பரில் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே நேரம் என்று அரசு ஆணை வந்தது.

பூட்டு வேண்டாம் என்றால் வேறென்ன வேண்டும்? அதையும் அதே விதிமுறைகள் பட்டியலிட்டிருக்கின்றன: நல்ல வெளிச்சம், பெரிய வளாகங்களில் நூலகத்துக்கும் லேபுக்கும் விடுதிக்கும் இடையே இரவில் நம்பகமான வண்டி வசதி, பெண் பாதுகாவலர்கள், சுத்தமான கழிப்பறைகள், மகளிர் நல மருத்துவர் உள்ளிட்ட மருத்துவ வசதி. எரியாத விளக்கை மாற்ற ஒரு நாள் போதும். எந்தப் பாதை இருட்டாக இருக்கிறது, எந்தப் பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நின்று சீண்டுகிறது என்று மாணவிகளிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

பூட்டிய விடுதிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரம் தவறி வந்த இரவில் தனக்கு ஏதாவது நடந்தால் அதை ஒரு மாணவி சொல்ல மாட்டாள். சொன்னால் முதலில் கேட்கப்படுவது, “அந்த நேரத்துல வெளியே ஏன் போன?” என்பதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கட்டம், ஊருக்குப் போன் போகும். அதற்கடுத்தது, அப்பா வந்து பெட்டி படுக்கையோடு கூட்டிப் போய்விடுவார். படிப்பு நின்றுவிடும் என்ற பயம்தான் நம் பெண்களின் வாயைக் கட்டும் பெரிய கயிறு. பெற்றோரும் இதை யோசிக்க வேண்டும். “எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், உன் படிப்பை நிறுத்த மாட்டேன்” என்று கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே மகளுக்கு வாக்குக் கொடுங்கள்.

மரியாதை என்பது தினப்படி விஷயம்

கை வைத்தால்தான் கொடுமை என்பதில்லை. வகுப்பில் முதல் நாளே ரேங்க் என்ன, கட்-ஆஃப் என்ன என்று கேட்டு, எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று எல்லார் முன்னும் தெரிந்துகொள்வது. உதவித்தொகை வாங்குபவர்களை எழுந்து நிற்கச் சொல்வது. ஆங்கிலம் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிப்பது. இவற்றுக்குக் காயம் வெளியே தெரியாது.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவம் சாப்பிடுவோருக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்த பிறகு அகற்றப்பட்டது. 2016 ஜனவரியில், சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சேலத்துத் தலித் ஆய்வு மாணவர் ஒருவரை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த டாக்டர் பாயல் தத்வியை இழந்தோம். ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் 2019-ல் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார்கள். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2012-ல் கொண்டுவந்த விதிமுறைகள் காகிதத்திலேயே இருக்கின்றன என்பது அவர்கள் முறையீடு. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அதிகாரியும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று அந்த விதிமுறைகள் சொல்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த அதிகாரி யார்?

2025 மார்ச்சில், தில்லி ஐ.ஐ.டி.யில் இறந்த இரு மாணவர்களின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கை பதியச் சொன்னது. முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு தீர்ப்பில் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் ஒரு மாணவர் திடீரென்று வருவதை நிறுத்தினால், சாப்பிடாமல் அறையிலேயே கிடந்தால், அதைக் கவனித்து, “என்னப்பா, என்ன ஆச்சு?” என்று கேட்க ஓர் ஆசிரியர் இருந்தால் பல உயிர்கள் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. அறுபது பேருக்கு ஒரு ஆசிரியர், அவரும் கௌரவ விரிவுரையாளர், மாதச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவர் என்றால், அவரால் எத்தனை முகங்களைக் கவனிக்க முடியும்? ஆசிரியருக்கு மரியாதை இல்லாத வளாகத்தில் மாணவருக்கு மரியாதை கிடைக்காது.

தெரிந்துகொள்ளுங்கள்

• ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

• அவசர உதவிக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181. மனம் தளர்ந்தால் பேச 14416 அல்லது 104.

• பாலியல் துன்புறுத்தல் புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

• புகாரை நிரூபிக்க முடியாமல் போவதால் மட்டுமே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

• பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் ஒழிய, குழு சமரசம் பேசக் கூடாது. பணம் கொடுத்துச் சமரசம் செய்வதற்கு இடமே இல்லை.

• குழுவிடம் புகார் கொடுத்திருப்பது போலீஸுக்குப் போவதற்குத் தடையல்ல. இரண்டையும் செய்யலாம்.

• குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் உரையாடல், அழைப்பு விவரம் எதையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

பெயர் கெட்டுவிடுமா?

எந்தக் கல்லூரியிலும் புகார் வந்தவுடன் எழும் முதல் கவலை, “வெளியே தெரிந்தால் காலேஜ் பெயர் கெட்டுவிடும்” என்பதுதான். இந்தக் கவலையால்தான் புகார் திரும்பப் பெறப்படுகிறது, டி.சி. கொடுத்து அனுப்பப்படுகிறது, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் சத்தமில்லாமல் வேறு கல்லூரிக்குப் போய் அங்கும் பாடம் நடத்துகிறார். புகாரே வராத கல்லூரி என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதிக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் ஆண்டுக்கணக்காக ஒரு புகாரும் வரவில்லை என்றால், அங்கே யாரும் வாய் திறக்கத் துணியவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

தரச்சான்று கொடுக்கும் அமைப்புகள் இதைத் திருத்த வேண்டும். எத்தனை புகார் வந்தது என்பதோடு நிற்காமல், எத்தனை நாளில் முடிந்தது, புகார் கொடுத்தவர் படிப்பைத் தொடர்ந்தாரா, தேர்ச்சி பெற்றாரா என்று கேட்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு விடுதி அறையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகார் கொடுத்ததற்காக மாணவரைப் பழிவாங்கும் ஆசிரியர் மீதும் நிர்வாகி மீதும் தனி நடவடிக்கை வேண்டும்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஏ.சி. வகுப்பறையா, மெஸ்ஸில் என்ன சாப்பாடு என்றெல்லாம் கேட்கிறீர்கள். இனி ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: “இங்கே கடைசியாக வந்த புகாரை எப்படி விசாரித்தீர்கள்?” பெயர்களைச் சொல்ல வேண்டாம், நடைமுறையைச் சொல்லட்டும். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கல்லூரியில் சேருங்கள். எரிச்சல்படும் கல்லூரியில் எத்தனை மாடிக் கட்டடம் இருந்தாலும் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.